கண்ணிலி நுண்வண்டு: நெல்லோப்டோடெஸ் கிரேட்டே சிற்றினத்தின் வகைப்பாடும் உடற்கூறும்

ஆய்வுச் சுருக்கம்

கென்ய நாட்டின் நைரோபியில் 1965இல் திரட்டப்பட்ட, ஒரு மில்லிமீட்டரினும் சிறிய வண்டு ஒன்று 2019இல் நெல்லோப்டோடெஸ் கிரேட்டே என்னும் புதிய சிற்றினமாக விவரிக்கப்பட்டது. அதற்குக் கண் இல்லை, சிறகும் இல்லை. கண்ணின்மை என்னும் பண்பு வகைப்பாட்டுக்கு எவ்வளவு துணைபுரியும், கண்ணில்லா வண்டை வேறு எவ்வுறுப்புகளால் இனங்காண்கின்றனர், தமிழில் அதனை எச்சொல்லால் குறிப்பது தகும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மரபியலின் அறிவுப் பகுப்பும் நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் மேல்மண்ணும் உரிய இடங்களில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கண்ணிலி வண்டு, இறகுச்சிறகு வண்டுக் குடும்பம், வகைப்பாட்டியல், விந்துகொள்பை, மரபியல், மேல்மண், நெய்வேலி.

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் வண்டு எனும் சொல் பெரும்பாலும் மலரில் தேனுண்ணும் தேனீ இனத்தையே சுட்டும். விலங்கியலில் அச்சொல் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. முன்சிறகுகள் கெட்டியான உறைகளாக மாறி, அவற்றின் அடியில் பின்சிறகுகள் மடிந்திருக்கும் பூச்சிகளே வண்டுகள். பொன்வண்டு, சாணவண்டு, தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு ஆகியன நாம் அன்றாடம் அறிந்தவை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட வண்டுச் சிற்றினங்கள் ஏறத்தாழ 4 இலட்சம். வேறெந்தப் பூச்சி வரிசையிலும் இத்தனை சிற்றினங்கள் பெயரிடப்படவில்லை.

இப்பெருந்தொகையில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் படாதவை. இலைச்சருகின் அடியிலும், மண்துகள்களின் இடுக்கிலும், பட்டுப்போன மரப்பட்டையின் உட்புறத்திலும் வாழும் வண்டுகள் கசகசா விதையினும் சிறியனவாக இருக்கும். அவற்றுள் சிலவற்றுக்குக் கண்ணே இல்லை. இத்தகைய வண்டு ஒன்றை முன்னிறுத்தி, சிற்றினம் ஒன்றை அடையாளம் காணுதல் என்பது உண்மையில் எதைக் காணுதல் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நைரோபியிலிருந்து இலண்டன் வரை

பிரித்தானிய உயிரியலாளர் வில்லியம் பிளாக் 1964–65 காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் மண்ணும் இலைச்சருகும் திரட்டி, அவற்றில் வாழும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். அம்மாதிரிகள் பின்னர் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அங்கு அறிவியல் இணையாளராகப் பணியாற்றிய மைக்கேல் டார்பி, அத்தொகுப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, நைரோபியில் கிடைத்த வண்டு அதுவரை பெயர் பெறாத சிற்றினம் எனக் கண்டறிந்து, 2019 அக்டோபரில் ‘என்டமாலஜிஸ்ட்ஸ் மன்த்லி மேகசின்’ இதழில் விவரித்தார். திரட்டலுக்கும் பெயரிடலுக்கும் இடையில் 54 ஆண்டுகள். பூச்சியியலில் இது வியப்புக்குரிய தாமதமன்று. திரட்டுவோர் பலர், நுண்வண்டுகளை இனங்காண வல்லோர் உலகிலேயே மிகச் சிலர்.

இவ்வண்டு இறகுச்சிறகு வண்டுக் குடும்பமாகிய டிலியிடேயைச் சேர்ந்தது. பாலிஃபேகா துணைவரிசையில் ஸ்டாஃபிலினாய்டியா மேற்குடும்பத்தின்கீழ் அக்குடும்பம் அமைகிறது. கம்பியில் மயிர் கோத்தாற்போன்ற பின்சிறகுகள் இருப்பதால் இப்பெயர். அறியப்பட்ட வண்டுகளுள் மிகச் சிறியவை இக்குடும்பத்தில்தான் உள்ளன. கொலம்பியாவில் கிடைத்த சைடோசெல்லா முசவாசென்சிஸ் மாதிரிகளை 2015இல் அளவிட்ட உருசிய அறிஞர் அலெக்சி பொலிலோவ், அவற்றுள் மிகச் சிறியதன் நீளம் 0.325 மில்லிமீட்டர் எனப் பதிவு செய்தார். அதனோடு ஒப்பிட, 0.79 மில்லிமீட்டர் நீளமுள்ள நெல்லோப்டோடெஸ் கிரேட்டே சற்றுப் பெரியதே.

உடற்கூறு

எல்லாப் பூச்சிகளையும் போல இதன் உடலும் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாலானது. நிறம் வெளிர் மஞ்சள். கண் உள்ள வண்டில் தலையின் இருபுறமும் கூட்டுக்கண்கள் புடைத்திருக்கும். இதில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. கண்கள் இருந்திருக்க வேண்டிய இடங்களுக்கு நடுவே சிறு குழி ஒன்று காணப்படுகிறது. இக்குழியே இச்சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. கவனிக்கத்தக்கது இதுதான்: வண்டுக்குக் கண் இல்லை என்பது அதன் அடையாளமாகவில்லை, அங்கே ஒரு குழி இருக்கிறது என்பதே அடையாளமாயிற்று.

உணர்கொம்புகள் நீண்டு, பெண்பிள்ளைகளின் இரட்டைச் சடை போல் தோன்றுகின்றன. பொதுவாக இக்குடும்பத்தில் உணர்கொம்பின் கணுக்கள் மெலிந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் நீண்ட நுண்மயிர்கள் வளையமாக அமைந்திருக்கும். நுனியிலுள்ள இரண்டு அல்லது மூன்று கணுக்கள் மட்டும் சற்றுப் பருத்து, நெருக்கமில்லாத குண்டாந்தடி வடிவு பெறும். இருளில் வாழும் உயிருக்கு இம்மயிர்களே புறவுலகோடு தொடர்பு. காற்றின் அசைவு, ஈரம், பூஞ்சையின் மணம் ஆகியவற்றை அவை உணர்கின்றன. வாயுறுப்புகள் பூஞ்சை வித்துகளையும் இழைகளையும் திரட்டி உண்பதற்கு ஏற்றவை. கால்களின் நுனிப்பகுதி மூன்று கணுக்களால் ஆனது. சாணவண்டு போன்ற பெரிய வண்டுகளில் ஐந்து கணுக்களைக் கண்டு பழகிய மாணவர் இங்குச் சற்றே தடுமாற நேரும்.

சிறகின்மை கண்ணின்மையோடு சேர்ந்து வருவது தற்செயலன்று. பறப்பதற்குப் பார்வை வேண்டும். பறக்காத உயிர் பார்வையையும் எளிதில் இழக்கும். சிறகற்ற வண்டுகளில் பறத்தல் தசைகள் தேய்ந்து, அவற்றைத் தாங்கும் பின்மார்பும் குறுகிவிடுவது வழக்கம். ஆகவே தலையைப் பாராமல் மார்பை மட்டும் பார்த்தாலும், இவ்வகை வண்டு எத்தகைய வாழ்வினது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இக்குடும்பத்தின் வகைப்பாட்டுக்கு மிகவும் நம்பத்தக்க உறுப்பு வெளியே தெரிவதில்லை. பெண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் விந்துகொள்பைதான் அது. இணைசேர்ந்தபின் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் இவ்வுறுப்பின் சுவர் கெட்டிப்பட்டிருப்பதால், வேதிக்கரைசலில் இட்டுத் தசைகளை அகற்றிய பின்னும் அது உருக்குலைவதில்லை. சிலவற்றில் குடுவை போலவும், சிலவற்றில் திருகிய குழல் போலவும், வேறு சிலவற்றில் முடிச்சிட்ட நூல் போலவும் இருக்கும். புறத்தோற்றத்தில் வேறுபடுத்த இயலாத இரு வண்டுகளை இவ்வுறுப்பின் வடிவம் தனித்தனிச் சிற்றினங்களெனக் காட்டிவிடும். அதனால்தான் டிலியிடே ஆய்வாளர் வண்டினைக் குண்டூசியில் குத்தி வைப்பதோடு நின்றுவிட முடியாது. உடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தெளிவாக்கி, கண்ணாடித் தகட்டில் பதித்து, உயர் உருப்பெருக்கத்தில் காண வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிய உடலில் இவ்வளவையும் கைநடுங்காமல் செய்ய வேண்டும் என்பது, இத்துறைக்கு ஆய்வாளர் வருவது குறைவாயிருப்பதன் காரணங்களுள் ஒன்று எனலாம்.

சிறுமை உடலின் உள்ளமைப்பையும் மாற்றியிருக்கிறது. இக்குடும்பத்தின் பல சிற்றினங்களில் பெண் ஒரு நேரத்தில் ஒரு முட்டையை மட்டுமே முதிர்விக்கும். அம்முட்டை அதன் வயிற்றின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஓரளவுக்குக் கீழே முட்டை சுருங்க முடியாது என்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

கண்ணின்மை ஒரு குலத்தின் பண்பா?

கண்ணில்லா வண்டுகளை எல்லாம் ஒரே குழுவில் அடக்கலாமா என்ற வினா எழுவது இயல்பு. ஐரோப்பியப் பூச்சியியலில் இவ்வினா 1831இல் வலுப்பெற்றது. இன்றைய சுலோவீனியாவிலுள்ள போஸ்டோய்னா குகையில் விளக்கேற்றுபவராக இருந்த லூகா செச், விந்தையான வண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். அது ஹோஹன்வார்ட் பிரபுவின் வழியாக லியுப்லியானா நகரத்து ஃபெர்டினாண்ட் ஷ்மிட்டைச் சேர்ந்தது. அவர் 1832இல் அதனை லெப்டோடைரஸ் ஹோஹன்வார்ட்டியை எனப் பெயரிட்டு விவரித்தார். ‘மெல்லிய கழுத்தினது’ என்பது பேரினப் பெயரின் பொருள். குகை வாழ்வுக்கே உரியதென விவரிக்கப்பட்ட முதற் பூச்சி இதுவே. இதற்கும் கண்ணில்லை, சிறகில்லை. ஆனால் இதன் கால்களும் உணர்கொம்புகளும் சிலந்தியுடையவை போல் நீண்டவை; உறைச்சிறகுகள் இணைந்து குமிழ் போல் உப்பியிருக்கும்.

இவ்வண்டு லியோடிடே குடும்பத்தது. அனோஃப்தால்மஸ் என்ற பேரினமும் கண்ணற்றது. அப்பெயரே ‘கண் இல்லாதது’ எனப் பொருள்படும். அது ஊனுண்ணும் தரைவண்டுகளாகிய கராபிடே குடும்பத்தைச் சார்ந்தது. எறும்புப் புற்றில் விருந்தினராக வாழும் கிளாவிகர் ஸ்டாஃபிலினிடே குடும்பத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிலத்தடி நீரில் நீந்தும் கண்ணற்ற வண்டுகள் டைட்டிசிடே குடும்பத்து நீர்வண்டுகள். குகை, மண், புற்று, நிலத்தடி நீர் என நான்கு வாழிடங்களில், தனித்தனிக் கால்வழிகளில், ஒன்றையொன்று சாராமல் கண் மறைந்திருக்கிறது. ஒரே காரணம் பல குடிகளில் ஒரே விளைவைத் தந்ததேயன்றி, அக்குடிகளை உறவாக்கவில்லை.

இதனினும் வலிய சான்று டிலியிடே குடும்பத்துக்குள்ளேயே உண்டு. மரப்பட்டைக்கு அடியில் வாழும் டினெல்லா பேரினத்தில், ஒரே சிற்றினத்தில் இருவகை வண்டுகள் காணப்படுகின்றன. ஒருவகைக்குக் கண்ணும் சிறகும் கருநிறமும் உண்டு. மற்றொன்று கண்ணும் சிறகுமற்று வெளிறியிருக்கும். பெரும்பான்மை இரண்டாம் வகையே. பட்டை உலர்ந்து மரம் வாழத்தகாததாகும்போது, பறந்து புதுமரம் தேடும் வாய்ப்பு முதல் வகைக்கே உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுள் ஒன்று கண்ணுடன், ஒன்று கண்ணின்றி. எனின், கண்ணின்மையை மட்டும் கொண்டு சிற்றினத்தைப் பிரிக்கப் புகுந்தவர் உடன்பிறப்புகளை வேற்றினமாக்கிவிடுவார்.

தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. உவமை வீட்டு வாயிலிலேயே உள்ளது. மண்ணுக்குள் உழைக்கும் கறையான்களுக்குப் பொதுவாகக் கண்ணில்லை. அதே புற்றிலிருந்து மழைக்குப்பின் பறந்தெழும் ஈசலுக்குக் கூட்டுக்கண் உண்டு. இரண்டும் ஒரே சிற்றினம் என்பதை நாட்டார் அறிவு நெடுங்காலமாக அறியும்.

அறிவுப் பகுப்பும் கண்ணிலி வண்டும்

தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. உறுதல், சுவைத்தல், மோத்தல், காணல், கேட்டல், மனம் என்பது அதன் வரிசை. சிதலும் எறும்பும் மூவறிவுடையன. நண்டும் தும்பியும் நான்கறிவுடையன. மூன்றிலிருந்து நான்குக்கு ஏற்றுவது கண். இவ்வளவைக் கோலைக் கைக்கொண்டால், கண்ணுள்ள டினெல்லா தும்பியோடும், அதன் கண்ணற்ற உடன்பிறப்பு சிதலோடும் வைக்கப்பட வேண்டும்.

இதனால் தொல்காப்பியர் பிழைபட்டார் என்பதில்லை. அவர் வகுத்தது கால்வழியை அன்று; உலகை அறியும் வாயில்களை. அந்நோக்கில் கறையானை மூவறிவில் நிறுத்தியது கூர்ந்த நோக்கின் விளைவு என்றே தோன்றுகிறது. ஆயினும் மரபியல் நூற்பாக்களை இன்றைய வகைப்பாட்டியலின் முன்வடிவம் எனக் காட்டும் போக்கு நம் ஆய்வுக் கட்டுரைகளில் மிகுந்துள்ளது. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். ஓர் உயிர் எதனால் அறிகிறது என்பது ஒன்று. அது எதன் வழிவந்தது என்பது மற்றொன்று. கண்ணிலி வண்டு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் நல்ல உரைகல்.

முதல் வினாவுக்குக்கூட உறுப்பை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. அமெரிக்காவின் மாமத் குகையில் வாழும் டோமஃபேகஸ் ஹர்டஸ் என்னும் வண்டு நெடுங்காலம் பார்வையற்றதாகவே கருதப்பட்டது. அதன் தலையில் எஞ்சியிருப்பது மிகச் சிறிய ஒற்றை வில்லை. மார்க்கஸ் ஃபிரீட்ரிக் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வண்டில் ஒளியுணர் புரதம் ஒன்றுக்கான மரபணு இயங்குவதையும், அது வெளிச்சத்தை விட்டு விலகிச் செல்வதையும் காட்டினர். உருவைக் காணாவிடினும் ஒளியை அது அறிகிறது.

‘குருடு’, ‘கண்ணிலி’: சொல்லாட்சி

இத்தகைய உயிர்களைக் குருட்டு வண்டு, குருட்டு மீன் எனக் குறிப்பது தமிழில் பரவலாக உள்ளது. கேரளக் கோட்டயத்துக் கிணறுகளில் கிடைத்து 1950இல் ஏ. ஜி. கே. மேனனால் விவரிக்கப்பட்ட ஹொராக்ளானிஸ் கிருஷ்ணையும் பெரும்பாலும் அவ்வாறே சுட்டப்படுகிறது. குருடு என்பது இருக்க வேண்டிய ஆற்றல் கெட்டது எனும் பொருளைத் தரும். இவ்வுயிர்களில் கெட்டது எதுவுமில்லை. மேலும், பார்வை உண்டா இல்லையா என்பது செயல் பற்றியது. கண் உண்டா இல்லையா என்பது உடற்கூறு பற்றியது. மாமத் குகை வண்டு காட்டுவது போல அவை இரண்டும் ஒன்றாகாமற் போகலாம். உடற்கூற்று விவரிப்பில் ‘கண்ணிலி’ என்பதே பொருத்தம். உயிரிலி என்ற சொல்லின் அமைப்பை ஒத்து, சிறகிலி என்பதோடு இணைந்து நிற்கவும் அது வாய்ப்பாயுள்ளது. கண் மிகச் சிறுத்து எஞ்சியிருப்பதைக் ‘குறுகுகண்’ எனப் பிரித்துக் கூறலாம்.

பெயரும் வேற்றுமை உருபும்

காலநிலை மாற்றத்துக்கு எதிராகக் குரல் கொடுத்த சுவீடன் நாட்டு இளம்பெண் கிரேட்டா துன்பர்க்கின் பணியைப் போற்றி டார்பி இப்பெயரைச் சூட்டினார். சடை போன்ற உணர்கொம்பும் அதற்கு இயைந்தது. இலத்தீன் இலக்கணப்படி பெண்பாற் பெயர் ஆறாம் வேற்றுமையில் ‘ஏ’ என முடிகிறது: கிரேட்டாவினுடையது. ஆண்பாலாயின் ‘இ’ என முடியும். அதற்கு எடுத்துக்காட்டு, கசப்பானதாயினும், கண்ணிலி வண்டு ஒன்றே. சுலோவீனியக் குகையில் கிடைத்த தரைவண்டுக்கு ஆஸ்கர் ஷைபெல் 1937இல் அனோஃப்தால்மஸ் ஹிட்லரி எனப் பெயரிட்டார். அப்பெயரின் பொருட்டே சேகரிப்போர் அவ்வண்டை வேட்டையாடுகின்றனர்; ஒரு சில குகைகளில் மட்டும் வாழும் சிற்றினத்துக்கு அது பேரிடர். விதிப்படி வெளியிடப்பட்ட பெயரை அறம் சார்ந்த காரணம் காட்டி மாற்றுவதில்லை எனப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையத்தினர் 2023இல் மீண்டும் தெளிவுபடுத்தினர். நிலைத்தன்மை கருதிய முடிவு அது. ஆயினும் பெயரால் ஓர் உயிர் அழிவை நெருங்கும்போது அந்நிலைத்தன்மையின் விலை சற்று மிகுதி என்றே கருத வேண்டியுள்ளது.

மேல்மண்: நெய்வேலியை முன்வைத்து

கண்ணும் சிறகுமற்ற மண்வண்டின் இடப்பெயர்ச்சி அதன் காலளவே. அதன் உலகம் சருகும் அதனடியிலுள்ள மண்ணும் மட்டுமே. நெய்வேலியில் 1957 மே மாதம் தொடங்கிய திறந்தவெளி அகழ்வில், பழுப்பு நிலக்கரிப் படுகையை அடைய 50 மீட்டருக்கும் மிகுதியான மண்ணும் மணற்கல்லும் அகற்றப்பட வேண்டியிருந்தது. சக்கரத்தில் வாளிகள் பொருந்திய மாபெரும் இயந்திரங்கள் முதலில் தொடுவது மேல்மண்ணைத்தான். அகழ்ந்த மண்ணை மீண்டும் நிரப்பி, மரம் நட்டு மீட்டெடுக்கும் பணியும் அங்கு நடைபெறுகிறது. மீட்ட நிலத்துக்குப் பறவை வரும். சிறகுள்ள வண்டும் வரும். சிறகிலி வண்டு வருவதாயின், அகழப்படாத நிலம் அருகில் தொடர்ச்சியாக எஞ்சியிருக்க வேண்டும். மண்வாழ் உயிர்களின் மீட்சியை மரக்கணக்கு கொண்டு மட்டும் அளவிட முடியாமைக்கு இதுவே காரணம்.

மேல்மண்ணின் உயிர்களைத் திரட்டுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே 1905இல் வடிவமைத்த புனல் முறையும், அதில் மின்விளக்கைச் சேர்த்த துல்கிரெனின் மாற்றமும் இன்றும் பயன்படுகின்றன. சல்லடை பொருத்திய தகரப் புனலில் மண்ணை இட்டு, மேலே 40 வாட் குமிழ் விளக்கை எரியவிட்டால், மண் மேலிருந்து கீழாக உலரும். உயிர்கள் ஈரத்தை நாடி இறங்கி, அடியிலுள்ள ஆல்கஹால் குப்பியில் விழும். கண்ணிலி வண்டும் இம்முறைக்குத் தப்புவதில்லை. அதனைத் துரத்துவது வெளிச்சத்தினும் உலர்வும் வெம்மையுமே. கல்லூரி ஆய்வகம் எதிலும் ஒரு பருவத்தில் செய்யக்கூடிய பணி இது.

தென்னிந்தியச் சருகுவண்டுகளின் மூலமாதிரிகள் பலவற்றைக் காண இன்றும் வெளிநாடு செல்ல வேண்டியுள்ளது. பெசுசே, லோபிள், முசார் ஆகியோர் 1972இல் பழனி, நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளில் சலித்தெடுத்த நுண்வண்டுகள் ஜெனீவா அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து விவரிக்கப்பட்ட புதிய சிற்றினங்கள் மிகப் பல. இன்றைய நிலை வேறு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், பிரிவு 39, புதிய உயிரினத்தைக் கண்டறிபவர் அதனை உரிய களஞ்சியத்துக்கு அறிவித்து, சான்று மாதிரியையும் அங்கு ஒப்படைக்க வேண்டும் என விதிக்கிறது. விலங்குகளுக்கு அத்தகு களஞ்சியமாக இந்திய விலங்கியல் ஆய்வகம் அறிவிக்கப்பட்டுள்ளது.

திரட்டும் மாணவர் வண்டின் பெயரை அறிந்திருக்க வேண்டுவதில்லை. 1965இல் அவ்வண்டைத் திரட்டியபோது அதற்குப் பெயரே இல்லை. குப்பிக்குள் இடும் சீட்டில் ஊர், நாள், மண்ணெடுத்த ஆழம், மேலிருந்த மரம், திரட்டியவர் பெயர் ஆகியவற்றை ஆல்கஹாலில் கரையாத மையால் எழுதி வைத்தால் போதுமானது.